திருப்பச் சொல்லுங்க

"சிஸ்டர், அந்த ஊசியைப் போட்டுடுங்களேன்," என்று அவள் மறுபடியும் கேட்டாள்.

நர்ஸ் கையிலிருந்த தட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கட்டிலில் கிடந்த அப்பாவைக் குனிந்து பார்த்தாள். "வலி இருக்கற மாதிரி தெரியலையே. பேசிக்கிட்டுத்தானே இருக்கார்?"

"அதுதான் பிரச்சினையே. விடிஞ்சதுலேருந்து வாய் மூடல. பக்கத்துல இருக்கறவங்களுக்கெல்லாம் தொந்தரவு."

அப்பா கண்களை மூடியபடி எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாலு, ஏழு, ஏழு, ஒண்ணு, சுழி. ஒரு மூச்சு. ரெண்டு, எட்டு, மூணு, மூணு, ஆறு. குரல் கரகரத்தாலும் ஒவ்வொரு எண்ணும் அட்சர சுத்தமாக விழுந்தது. அடுத்த கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தவர் தன் மனைவியிடம், "பெரியவர் டெலிபோன் டைரக்டரியை மனப்பாடம் பண்ணியிருக்கார்டி. நம்ம நம்பர் வருதான்னு கேளு," என்றார். வார்டில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். சிரித்தபோது காதுமடல் சுட்டது.

எண்கள் சற்று நின்றால் வேறொன்று ஆரம்பிக்கும். "திருப்பச் சொல்லுங்க. திருப்பச் சொல்லுங்க."

புரட்டிப் படுக்க வைக்கச் சொல்கிறார் என்று அவள் முதலில் அவரை இடப்பக்கமாகத் திருப்பினாள். முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்தாள். "திருப்பச் சொல்லுங்க," என்றார். வலப்பக்கம் திருப்பினாள். அதற்கும் அதையேதான் சொன்னார். மத்தியானத்துக்குள் அவளுக்கு இடுப்பு விட்டுப்போனது. "எந்தப் பக்கந்தாம்ப்பா திருப்பணும்? சொல்லித் தொலைங்களேன்!" என்று கத்திவிட்டாள். மாவுக்கட்டுக்காரர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த உடம்பில் அவ்வளவு பிடி எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. கண்ணைத் திறந்து அவளை நேராகப் பார்த்து, "திருப்பச் சொல்லுங்கம்மா," என்றார். பிறந்ததிலிருந்து அவளை 'வா, போ' என்றே கூப்பிட்டவர். மகளுக்கு 'ங்க' போடுகிறார் என்றால் ஆளே அடையாளம் தெரியாமல் போய்விட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

அவளுக்கு வேலை மருந்துக்கடையில். அந்தத் தூக்க ஊசி என்ன செய்யும் என்று நன்றாகத் தெரியும். அதைப் போட்டால் நோயாளிக்கு நிம்மதி, கூட இருப்பவர்களுக்கு அதைவிட நிம்மதி என்று கடை முதலாளி வேடிக்கையாகச் சொல்வார். நர்ஸ் டாக்டரைக் கேட்டு வந்து போட்டாள். அப்பாவின் உதடுகள் கொஞ்ச நேரம் அசைந்தன. பிறகு அதுவும் நின்றது. வார்டு அமைதியானது. அவள் கீழே போய் ஒரு டீ குடித்தாள். அன்றைக்கு முதல் டீ. ருசியாக இருந்தது. நின்று நிதானமாகக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் தடுப்பு வைத்திருந்தார்கள்.

"தூக்கத்துலேயே போயிட்டார்," என்றாள் நர்ஸ். "கஷ்டப்படல."

*

மறுநாள் காலையில் கூடத்து நாற்காலிகளையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டு அப்பாவை நடுவில் கிடத்தியிருந்தார்கள். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். வருகிறவர்களிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தை, அப்பாவின் தங்கை, வாசலில் நின்று யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டுச் சார்ஜென்ட் ஊன்றுகோலோடு வந்து வராந்தாவில் உட்கார்ந்தார். போரில் ஒரு காலை விட்டுவிட்டு வந்தவர். தெருவில் அவருக்குத் தனி மரியாதை. அப்பாவுக்கு 'மாவுமூட்டை' என்று பட்டம் வைத்தவரும் அவர்தான். ஊரிலுள்ள இளவட்டமெல்லாம் கப்பலுக்கும் காட்டுக்கும் போயிருந்த காலத்தில் அப்பா தலைநகரத்தில் உணவுத் துறை அலுவலகம் ஒன்றில் உட்கார்ந்து மாவு மூட்டைக் கணக்கு எழுதினார். அதைத்தான் அவரே எல்லோரிடமும் சொல்லியிருந்தார். "நாங்க இடுப்பளவு தண்ணியில நின்னப்ப இவரு மூட்டையை எண்ணிக்கிட்டு இருந்தாரு. ஒண்ணும் குறையலையே சார்?" என்று சார்ஜென்ட் கேட்பார். அப்பா, "ரெண்டு குறையுது. நீங்க தூக்கிட்டுப் போயிட்டீங்களோன்னு சந்தேகம்," என்பார். தெரு சிரிக்கும். அவள் மட்டும் உள்ளே போய்விடுவாள்.

பள்ளிக்கூடத்தில் அவள் 'மாவுமூட்டை பொண்ணு'. ஆனால் அதற்காக அவள் அப்பாவைக் கோபித்துக்கொண்டதில்லை. கோபம் வந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவளுக்கு இருந்தது வெட்கம். ஆண்டுதோறும் போரில் செத்தவர்களுக்காக ஊர் கூடும் நாளில், சதுக்கத்து நினைவுக்கல்லில் பொறித்திருந்த மாமாவின் பெயரை அம்மா விரலால் தடவிப் பார்ப்பாள். மாமா அம்மாவின் தம்பி. கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்தவர். கப்பலோடு போனவர். அவர் போனபோது இவள் பிறக்கவேயில்லை. அப்பா அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வரமாட்டார். தபால் ஆபீஸ் சுவரை ஒட்டித் தூரத்தில் நிற்பார். போருக்குப் போகாதவனால் அந்தக் கல்லை எப்படிப் பார்க்க முடியும் என்று ஊர் நினைத்தது. அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "போர்க்காலத்துல சார் எங்க இருந்தீங்க?" என்று அப்பாவைக் கேட்டபோது அவள் குறுக்கே விழுந்து, "கப்பல்ல இருந்தார். எஞ்சின் ரூம்ல," என்றாள். மாமாவின் கதையை எடுத்து அப்பாவுக்கு மாட்டிவிட்டாள். அப்பா கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனார். வெகுநேரம் வரவில்லை. அவர் குட்டை உடைத்துவிடாமல் இருந்தாரே என்று அவளுக்கு அன்று நிம்மதியாக இருந்தது.

*

பதினொரு மணி வாக்கில் ஒரு டாக்சி வந்து நின்றது. தடித்த கண்ணாடி போட்ட வயதான பெண்மணி ஒருவர் இறங்கினார். யாரையும் விசாரிக்காமல் நேரே உள்ளே வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்தார்.

"யாருடி அது?" என்று அத்தை அவள் காதைக் கடித்தாள். "எங்கண்ணனுக்கு இப்படி ஒரு சிநேகிதமா? இத்தனை வருஷம் மூச்சு விடலையே!"

"அத்தை, சும்மா இருங்க."

"நான் என்ன சொல்லிட்டேன்? கேட்டேன்."

அந்த அம்மாள் வராந்தாவுக்கு வந்து காலி நாற்காலியில் உட்கார்ந்தார். சார்ஜென்ட்டுக்குப் புது ஆள் ஒருவர் கிடைத்தால் போதும். தன் கதையை ஆரம்பித்துவிட்டார். அவர் போன கப்பல் கூட்டம் நடுக்கடலில் திடீரென்று வடக்கே திரும்பிய கதை. தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம். "ஆயிரக்கணக்கான பேரும்மா. நேரா போயிருந்தா அத்தனை பேரும் மீனுக்கு இரை. அங்க நீர்மூழ்கி காத்துக்கிட்டு இருந்திருக்கு. எங்க கேப்டனுக்கு மனசுல ஏதோ பட்டிருக்கு, திருப்பிட்டார். அதுக்கு என்னம்மா சொல்வீங்க?"

"அது எந்த மாசம்?" என்று மட்டும் கேட்டார் அந்த அம்மாள்.

"மழை விட்ட சமயம். மாசக் கடைசி."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க வந்து சேர்ந்தீங்களே. நல்லது," என்றார்.

அவள் டீ கொண்டுவந்தபோது அந்த அம்மாள், "கொஞ்சம் உள்ள உக்காரலாமா?" என்றார். சமையலறையில்தான் இடம் இருந்தது. எண்ணெய் டப்பாவை நகர்த்தி ஒரு ஸ்டூலைப் போட்டாள்.

"நான் உங்கப்பாவோட வேலை பார்த்தவ. அங்க பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. எல்லாருக்கும் பட்டப்பேர்தான். நான் 'கண்ணாடி'. உங்கப்பா 'மெதுவா'."

"மெதுவாவா?"

"மேஜையிலேயே அவர்தான் மெதுவா முடிப்பார். ஆனா அவர் முடிச்ச தாளை ரெண்டாவது ஆள் பார்க்க வேண்டியதேயில்ல." டீயை ஒரு வாய் குடித்தார். "கடைசியில ஏதாவது பேசினாரா?"

"என்னென்னமோ. பைத்தியம் மாதிரி..." என்று ஆரம்பித்து அவள் நிறுத்தினாள். "எண்ணெண்ணா சொல்லிக்கிட்டே இருந்தார்."

"அஞ்சஞ்சாவா?"

அவள் யோசித்தாள். "ஆமா. அஞ்சு சொல்லிட்டு மூச்சு விடுவார். மறுபடி அஞ்சு." அவளுக்கு வேறொன்றும் ஞாபகம் வந்தது. "நடுவுல, 'கழி, கடன் வாங்காதே'ன்னார்."

கண்ணாடியம்மா லேசாகச் சிரித்தார். "அது எங்க கழித்தல். அஞ்சுல எட்டு போனா ஏழு. பக்கத்துலேருந்து கடன் வாங்கக் கூடாது. நாள் பூரா அதையே போட்டுப் போட்டு, கடையில போய் நின்னா சாதாரணக் கணக்கு வராது."

இரண்டாம் வகுப்பில் அப்பா ஒருநாள் அவளுக்கு அப்படித்தான் வீட்டுக்கணக்குப் போட்டுக் கொடுத்தார். எல்லாம் தப்பு. மூட்டை எண்ணுகிறவருக்குக் கழிக்கத் தெரியவில்லை என்று வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் அவள் அவரிடம் ஒரு கணக்கும் கேட்டதில்லை.

"மாவு மூட்டைக்கு எதுக்கு அந்தக் கழித்தல்?"

"மாவும் இல்ல, மூட்டையும் இல்லம்மா. எதிரி ரேடியோல அனுப்பற ரகசியச் சேதியெல்லாம் எண்ணாத்தான் வரும். அந்தச் சங்கேதத்தை உடைச்சுப் படிக்கறதுதான் எங்க வேலை. சோப்பு ஃபாக்டரிக்கு மாடியில ஒரே ஒரு ஹால். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத்துணி. வீட்ல யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் உள்ள விட்டாங்க. அவங்க நீர்மூழ்கி எங்க நிக்குதுன்னு அவங்க தளபதிக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரிஞ்ச நாள் எல்லாம் உண்டு." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அது மட்டும் இல்லன்னா போர் இன்னும் ரெண்டு வருஷம் இழுத்திருக்கும்னு இப்ப எழுதறாங்க. இருக்கலாம்."

அவள் அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டாள். கூடத்தில் யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"வேற எதுவும் சொல்லலையா?" என்றார் கண்ணாடியம்மா.

"'திருப்பச் சொல்லுங்க, திருப்பச் சொல்லுங்க'ன்னு. புரட்டி விடச் சொல்றார்னு நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிக்கிட்டே இருந்தேன். கடைசியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு 'திருப்பச் சொல்லுங்கம்மா'ன்னார். என்னைப் போய் 'ங்க' போட்டு."

கண்ணாடியம்மா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே வைத்தார்.

"அது உன்கிட்ட சொன்னதில்லம்மா," என்றார். "என்கிட்ட."

வெளியே சார்ஜென்ட் யாருக்கோ மறுபடி கதையை ஆரம்பித்திருந்தார். கண்ணாடியம்மா கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"அவர் சொல்றாரே, வடக்கே திரும்பின கப்பல்கள். அது எங்க தாளை வச்சுத் திருப்பினது. அதுக்கு அடுத்து ஒரு சேதி வந்துச்சு. உங்கப்பாதான் பிரிச்சார். தனியா போற ஒரு சரக்குக் கப்பல், எங்க வச்சு அடிக்கணும்னு இருந்துச்சு. பேரோட. படிச்சதும் எழுந்து நின்னுட்டார். அந்த மனுஷன் நடுவுல எழுந்து நான் பார்த்ததேயில்ல. மச்சினனைத் துறைமுகத்துல ஏத்திவிட்டுட்டு அப்படியே வேலைக்கு வந்தவர். 'திருப்பச் சொல்லுங்கம்மா'ன்னார்."

"மாமாவோட கப்பலா?"

"நான்தான் மேஜைக்குப் பொறுப்பு. மேலதிகாரிங்ககிட்ட ஓடிப்போய்க் கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க. அப்பத்தான் ஒரு கூட்டத்தைத் திருப்பியிருக்கு. கையோட இன்னொண்ணும் விலகினா எதிரிக்குச் சந்தேகம் வரும். சங்கேதத்தை மாத்திட்டான்னா நாங்க குருடு. மறுபடி உள்ள நுழையறதுக்குள்ள எத்தனை கப்பல் போகும், எத்தனை ஆயிரம் பேர்னு மேல கணக்குப் போட்டாங்க. தப்பான கணக்குன்னு என்னால இன்னைக்கும் சொல்ல முடியல. திரும்பி வந்தேன். உங்கப்பா நின்னுக்கிட்டே இருந்தார். இல்லன்னு தலையை ஆட்டினேன். அப்புறம்..." அவர் நிறுத்தினார். "அப்புறம், 'அடுத்த தாளை எடுங்க'ன்னேன்."

"எடுத்தாரா?"

"உக்காந்தார். எடுத்தார். சாயங்காலம் வரைக்கும் ஒரு எண்ணுகூடத் தப்பா போடல."

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் போய் இறுக்கி மூடினாள். மூடிய பிறகும் குழாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

"போர் முடிஞ்சு எவ்வளவோ காலம் கழிச்சுத் தடையை எடுத்தாங்க. நான் உங்கப்பாவுக்குப் போன் பண்ணினேன். இனி வீட்ல சொல்லலாம், தெருவுல சொல்லலாம், தலை நிமிர்ந்து நடக்கலாம்னேன். 'வீட்ல அவ இருக்காளே, அவனோட அக்கா'ன்னார். அவ்வளவுதான் சொன்னார்." கண்ணாடியம்மா அவள் முதுகைப் பார்த்துக் கேட்டார். "அப்படிக் கேட்டுட்டு அப்புறம் அமைதியானாரா? கடைசியில?"

அவள் திரும்பவில்லை. ஊசியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள்.

"ஆனார்," என்றாள். "அமைதியாத்தான் போனார்."

"அது போதும்மா," என்றார் கண்ணாடியம்மா. "எனக்கு அது போதும்." அவர் அதை நம்பிக்கொண்டு எழுந்தார்.

*

வண்டி வந்தது. பெட்டியைத் தூக்கும்போது சார்ஜென்ட் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒற்றைக் காலில் நின்று, பெட்டியின் விளிம்பைத் தொட்டார். "மாவுமூட்டை, மாவுமூட்டைன்னு எத்தனை கேலி பண்ணியிருப்பேன்! ஒருநாள் முகம் சுளிச்சதில்லையேம்மா இவரு," என்று வாய்விட்டு அழுதார். பொய் அழுகை இல்லை. தடுமாறியவரின் தோளை அவள்தான் பிடித்துக்கொண்டாள். அவருக்குச் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் அது இந்த வாசலைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, அம்மாவிடம் போய் நிற்கும். ஊன்றுகோலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

டாக்சியில் ஏறும்போது கண்ணாடியம்மா அவளைப் பார்த்தார். யாரிடமும் சொல்லாதே என்றும் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை.

மயானத்திலிருந்து திரும்பி வந்தபின் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அத்தை கடைசி ஆளாகப் போனாள், "அந்தக் கண்ணாடிக்காரி யாருன்னு கடைசி வரைக்கும் எனக்கு யாரும் சொல்லல," என்று முனகிக்கொண்டே. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்த படுக்கை விரிப்புகளை யாரோ துவைத்துக் கொல்லையில் காயப் போட்டிருந்தார்கள். வெயில் இறங்குவதற்குள் எடுத்துவிடலாம் என்று அம்மாதான் அவளைக் கூப்பிட்டாள்.

கொடியிலிருந்து உருவும்போது அம்மா கேட்டாள். "அந்தம்மா உள்ள உக்காந்து என்னடி சொல்லிக்கிட்டிருந்தாங்க?"

"ஆபீஸ் கதைம்மா. அப்பா நல்லா வேலை பார்ப்பார்னு சொன்னாங்க."

"ம்." அம்மா ஒரு விரிப்பை உதறினாள். "நல்ல மனுஷன்தான். உங்க மாமா போனப்ப இவர் என்னைத் தாங்கின மாதிரி யாரும் தாங்கியிருக்க மாட்டாங்க. தந்தி வர்றதுக்கு முன்னால, நான் அவனுக்கு ஒரு சட்டை தச்சுக்கிட்டிருந்தேன். வந்ததும் கொடுக்கலாம்னு. ரெண்டு பேருக்கும் ஒரே தோள். இவர் வேலை முடிஞ்சு வந்ததும் 'போட்டுக் காட்டுங்க, கை நீளம் பார்க்கணும்'னேன். ஒண்ணும் பேசாம போட்டுக்கிட்டு நின்னார். பார்த்தா கண்ணுலேருந்து தண்ணி வழியுது. என்னங்கன்னு பதறிட்டேன். ஊசி குத்திடுச்சுன்னார்."

அவள் விரிப்பின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"நான் ஊசியை எல்லாம் எடுத்துட்டுத்தான் கொடுத்தேன்," என்றாள் அம்மா. "ஒண்ணுகூட இல்ல. திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தேன்." அடுத்த விரிப்பைக் கொடியிலிருந்து உருவினாள். "அவ்வளவுதான் சொன்னாங்களா அந்தம்மா?"

"அவ்வளவுதாம்மா."

"சரி, பிடி."

இருவரும் ஆளுக்கு இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு விரிப்பை இழுத்துச் சுருக்கம் எடுத்தார்கள். வெள்ளைத் துணி இருவருக்கும் நடுவே விறைத்து நின்றது. பிறகு மடிப்பதற்காக அம்மா அவளை நோக்கி நடந்து வந்தாள். இன்னும் நெருங்கி வந்தாள். முனையைக் கொடுக்க முகத்துக்கு நேரே கையை நீட்டினாள். அவள் துணியிலேயே கண்ணை வைத்தபடி வாங்கிக்கொண்டாள்.

"நேரா பிடிடி," என்றாள் அம்மா. "கோணுது பார்."